பத்துக்கு நாலு பொருத்தம்

கோவில்பட்டி வீட்டுச் சுவரில் இருந்த கல்யாணத் தரகர் இயந்திரம், "இந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை சரிப்படாது, பெண்தான் பிடிக்கும்" என்று போட்டு உடைத்த அன்றே அப்பா செண்பகவல்லியைத் துரத்திவிட்டார். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. விடுதியில் தங்கிப் படித்து, இயந்திரங்கள் காட்டிக்கொடுத்த பெண்களைப் பற்றியே ஆராய்ந்து முனைவரானாள். அதோடு விடாமல் வழக்காடி, பெண்ணுக்குப் பெண்ணையும் அவை வரனாகப் பார்க்கவேண்டும் என்று சட்டமே வாங்கிவிட்டாள்.

சட்டம் வந்த மறுநாள், இருபது வருடத்தில் முதல்முறையாக அம்மா போன் செய்தாள்.

"ஏட்டி, ஒனக்கு வரன் வந்திருக்கு. பொண்ணுதான். நம்ம ஆளுக."

சாதியைப் பற்றிச் சட்டத்தில் ஒரு வரி சேர்க்காமல் விட்டது தன் தப்புதான் என்று செண்பகவல்லி தலையில் அடித்துக்கொண்டாள்.

"நான் பன்னெண்டு வருஷமா மார்கரெட்டோட இருக்கேம்மா."

"தெரியும். ஒனக்கும் அவளுக்கும் பொருத்தம் பாக்க மிஷின்ட்ட சொன்னேன்."

"அவளுக்கு ஏதும்மா ஜாதகம்?"

"பொறந்த ஆசுபத்திரியில கேட்டு அதுவே கணிச்சிட்டு. பத்துக்கு நாலு பொருத்தந்தானாம்."

"அப்ப வேண்டாங்கியா?"

"எனக்கும் ஒங்கப்பாவுக்கும் ஒம்பது பொருத்தம். நீ போன நாள்லேருந்து அந்த மனுசன்கூட நான் ஒரு வார்த்த பேசல. நாலே போதும், வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வா."