ஏழு குஞ்சுகள்

“எண்ணெய் ஊத்தினவன் ஆர்?”

ஏரிக்கரையில் நின்று தோட்டக் கணக்குப் பார்க்கும் கிராணி பசுபதி போட்ட சத்தம் ரப்பர் மரங்களைத் தாண்டிக் கேட்டது. கூலிகளை மேற்பார்க்கும் மண்டோர் சன்னாசி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

தண்ணீர் முழுக்க எண்ணெய் பளபளத்தது. கரையோரப் புல்லில் இரண்டு மூன்று இறகுகள் கிடந்தன. தாரா வாத்தையும் காணோம், குஞ்சுகளையும் காணோம்.

1926-ல் மலாயாவின் புக்கிட் பெலிம்பிங் பக்கத்துத் தோட்டங்களில் பசுபதியை அறியாதவர் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து பத்து வருஷம். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. அவருக்கு இருந்த ஒரே பைத்தியம், படம் பிடிப்பது. கூலிகள் குடியிருந்த லயத்தை ஒட்டிய ஏரியில் காட்டுத் தாரா ஒன்று அடைகாப்பதைக் கண்ட நாளிலிருந்து மனிதருக்குச் சோறு தண்ணீர் வேண்டியிருக்கவில்லை. கரையில் ஓலை மறைப்புக் கட்டி, தினமும் காலையில் மூன்றுகால் காமிராவோடு அதற்குள் சேற்றில் முழங்காலிட்டுக் காத்திருப்பார்.

மூன்று நாளுக்கு முன்தான் குஞ்சு பொரித்திருந்தது. மொத்தம் ஏழு. தாய் முன்னே நீந்த, ஏழும் வரிசையாகப் பின்னே வருகிற படம் ஒன்று கிடைத்தால் போதும், சிங்கப்பூர்க் கண்காட்சிக்கு அனுப்பிவிடுவார். மழை விட்டு இன்றைக்குத்தான் நல்ல வெயில்.

“வீரன் வேலைங்க ஐயா,” என்றார் சன்னாசி.

காய்ச்சல் பரப்பும் கொசு முட்டையிடாமல் இருக்க, தோட்டத்தில் தேங்கிய தண்ணீரில் எல்லாம் வாரம் ஒரு தடவை எண்ணெய் ஊற்றுகிறவன் வீரன். ஏரியை மட்டும் விட்டுவிடும்படி ஒரு மாதத்துக்கு முன்பே பசுபதி சொல்லியிருந்தார். துரை கேட்டால் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார்.

“சொல்லியும் செய்தவன் எண்டால் எவ்வளவு திமிர்! வாயில்லாச் சீவன்கள் அவனுக்கு என்ன செய்ததுகள்? கல்நெஞ்சுக்காரன். இண்டைக்கே அவனைத் தோட்டத்தை விட்டு அனுப்பிறன்.”

“ஐயா, இன்னிக்கு வேணாங்க. அவன் வூட்டுல…”

“நீர் பேசாமல் வாரும். லயத்துக்கு நடவும்.”

வழியெல்லாம் பசுபதிக்குக் கண் கலங்கியது. சன்னாசி இரண்டு தடவை வாயைத் திறந்து, இரண்டு தடவையும் மூடிக்கொண்டார்.

லயத்தில் வேலைக்குப் போகாத நாலைந்து பேர் போர்வைக்குள் நடுங்கியபடி கிடந்தார்கள். கிராணியைக் கண்டதும் வீரன் எழுந்து நின்றான்.

“ஏரிக்கு எண்ணெய் ஊத்தினது நீயோ?”

“ஆமாங்கய்யா.”

“வேண்டாமெண்டு சொன்னனான் எல்லோ?”

“சொன்னீங்கய்யா.”

“உன்ரை நெஞ்சிலை ஈரம் இருக்கோ? தாயும் குஞ்சுமாய்த் திரிஞ்சதுகளைக் கொல்ல உனக்கு எப்பிடிக் கை வந்தது? கட்டு மூட்டையை!”

அவன் பெண்சாதி உள்ளே போய் ஒரு கூடையைத் தூக்கி வந்து கிராணியின் காலடியில் வைத்தாள். கூடைக்குள் ஒரு பழைய சேலைத் துணி. துணிக்குள் கீச்கீச்சென்று சத்தம்.

“விடியக்காலம் தாயோட புல்லுல படுத்திருந்துச்சுங்க,” என்றான் வீரன். “ஊத்துறதுக்கு முன்னாடியே ஒண்ணொண்ணாப் புடிச்சாந்துட்டேன். தாயி ஆத்தோரமாப் பறந்திருக்கு. வெயில் தாழ அங்கன கொண்டுபோயி விட்டா, அது கூப்புட்டுச் சேத்துக்குமுங்கய்யா.”

பசுபதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

“ஏழும் இருக்கு! சன்னாசி, ஏழும் இருக்கு!” வீரனை நிமிர்ந்து பார்த்தார். “இவ்வளவு இரக்கம் உள்ளவன் இன்னும் ஒரு கிழமை பொறுத்திருக்கலாம்தானே, வீரன்? ஏன் அவசரப்பட்டனீ?”

வீரன் விட்டத்தைப் பார்த்தான். தூளி கட்டுகிற கயிறு மட்டும் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. அதில் துணி இல்லை.

அவன் பெண்சாதிதான் பேசினாள்.

“ஒரு மாசம் பொறுத்தோங்கய்யா. பக்கத்து வூட்டுல இன்னும் ரெண்டு புள்ளைங்க காய்ச்சலோட கெடக்குது.”

கூடையைத் துணியோடு அவர் பக்கம் நகர்த்தினாள்.

“ஒங்க ஏழும் சரியா இருக்குதுங்க. எங்க வூட்டுலதான் ஒண்ணு கொறஞ்சு போச்சு.”