ஊல்ரிக் பிரபுவின் பிள்ளைகள்

பக்கத்தில் வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. ஐந்நூறு வருடங்களுக்கு முன்னால் கண்மூடிய ஒரு ஜெர்மன் பிரபு, பாரிஸ் லா ஷப்பலில் ஒரு தமிழ்த் தாய்க்குத் துணைநின்ற கதையைச் சொல்கிறேன்.

"மீசை இன்னும் கொஞ்சம் தடிப்பா வேணும் தம்பி. என்ரை அப்பருக்கு முப்பத்தஞ்சு வயசிலை அப்பிடித்தான் இருந்தது. இவனுக்கும் இப்ப முப்பத்தஞ்சு."

தவரத்தினம் கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் இருந்த அந்தப் படக்கடையில், சிதறிப்போன குடும்பங்களை ஒரே படத்தில் சேர்த்துக் கொடுப்பதுதான் செபஸ்டியனின் தொழில். பாண்டிச்சேரிக்காரர். லண்டனில் இருக்கும் தவரத்தினத்தின் மகள் சாம்பவியை, பாரிஸ் புறநகரான சார்செலில் இருக்கும் பெற்றோருக்குப் பக்கத்தில் நிறுத்துவது அவருக்குப் பத்து நிமிட வேலை. மகன் கரிகாலன் விஷயம் அப்படியல்ல. பெற்றோருக்குப் பின்னால் பிரான்சுக்கு வருவதாக இருந்தவன், இலங்கையின் கடைசிப் போரில் காணாமற்போனான். அப்போது வயது பத்தொன்பது. இருந்ததெல்லாம் ஒரு அடையாள அட்டைப் படம். அந்த முகத்துக்குத்தான் செபஸ்டியன் வயதைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"காதோரம் ரெண்டு நரை வைக்கலாமாய்யா?"

"வையும், வையும். பிள்ளை எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பான்! ஆனா மாலை கீலை மட்டும் போட்டுடாதையும். போன முறை ஒருத்தன், மாலை போடவோ எண்டு கேட்டான். எழும்பி வந்திட்டன். என்ரை பிள்ளை வருவான்."

பக்கத்தில் இருந்த தவரத்தினத்தின் மனைவி புனிதவதி கைபேசியை நீட்டினார். அவர் துப்புரவு வேலை செய்யும் அருங்காட்சியகத்தில் தொங்கும் ஒரு பழைய பலகைச் சித்திரம் அதில் இருந்தது.

"இவர் ஊல்ரிக் எண்டு ஒரு பிரபு, தம்பி. ரைன் நதிக்கரையிலை கோட்டை வைச்சிருந்தவராம். வேறை ராசாக்களுக்காகச் சண்டை பிடிச்சே பாதி ஆயுள் போச்சுது. அந்த நேரம் பார்த்துக் கூடப்பிறந்தவன் கோட்டையிலை பாதியைப் பிடுங்கிப்போட்டான். ரெண்டு கலியாணம், ஒன்பது பிள்ளையள். வயசு போன நேரம் எல்லாரையும் பக்கத்திலை முழந்தாளிலை நிப்பாட்டிப் படம் கீறுவிச்சார்."

"சண்டையும் காணி வழக்கும்! ஆள் எங்கடை ஊர்தான்" என்று சிரித்தார் தவரத்தினம்.

"பிள்ளையளின்ரை நெத்தியைப் பாருங்கோ. ஆறு பேருக்குச் சிவப்புப் பொட்டு. எங்கடை கரிகாலனுக்கும் அப்பிடி ஒண்டு வையுங்கோ."

"ஓம், வையும். கோயிலுக்குப் போட்டு வந்த பிள்ளை மாதிரி இருக்கும்." தவரத்தினம் தேத்தண்ணி வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போனார்.

செபஸ்டியன் சித்திரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பொட்டுகள் இல்லை, சின்னஞ்சிறு சிலுவைகள். பக்கத்தில் மாட்டியிருந்த பிரெஞ்சுக் குறிப்பும் படத்தில் விழுந்திருந்தது. அதை வாசித்தார். படம் எழுதுவதற்கு முன்பே இறந்துபோன பிள்ளைகளுக்கு அந்த நாட்டில் இடும் அடையாளமாம் அது.

மாலை என்றதற்கே எழுந்து போன மனிதர். இதை எப்படி வைப்பது? வேண்டாம் என்று அந்தத் தாயிடம் எந்த வாயால் சொல்வது?

"அம்மா, சிவப்பு வேணாமே. சந்தனம் வச்சுத் தரேன், பளிச்சுன்னு இருக்கும்."

"இல்லைத் தம்பி. அந்தப் பிள்ளையளுக்கு இருக்கிற மாதிரியேதான் வேணும்."

"அது நீங்க நினைக்கிற மாதிரி இல்லம்மா. அது வந்து..." அவர் தடுமாறினார். "பிரெஞ்சுல எழுதியிருக்கு. உங்களுக்குப் புரிஞ்சிருக்காது."

புனிதவதி திரும்பிக் கதவைப் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே, மூன்று கோப்பைகளையும் சிந்தாமல் ஏந்திக்கொண்டு கணவர் வந்துகொண்டிருந்தார்.

"பதினொரு வருசமா அந்தக் குறிப்பைத் துடைக்கிறன், வாசிக்காமல் இருப்பனோ?" குரல் தாழ்ந்தது. "கரிகாலனைத் தன்ரை கையாலை குழி தோண்டித் தாட்ட பெடியன் எனக்குப் போன் எடுத்துச் சொல்லி ஏழு வருசம். இந்த மனுசனுக்கு என்னாலை சொல்லேலாது, தம்பி. நான் பார்த்து அழ எனக்கொரு அடையாளம் வேணும். அவருக்கு அது பொட்டாவே இருக்கட்டும்."

உங்கள் வீட்டைவிட்டு வெளியே போன பிள்ளைகள் எல்லாரும், கண்ணுகளா, பொழுதோடு வீடு வந்து சேரட்டும்.