ஒயரைப் புடுங்கிய பீம்ராவ்

"அவனே ஒயரைப் புடுங்குறான், அவனே சொருவுறான். கேமராவுல பளிச்சுனு கீது மாமு. லாரியை நிக்க வெச்சிட்டு டீ குடிக்கப் போறதுக்கு இன்னா டெக்னிக்கு பாரு."

டீ மெஷின் பக்கம் யாரோ சொல்லிச் சிரித்தது கார்குழலியின் காதில் விழுந்தது. வாய்க்குக் கொண்டுபோன கப்பை அப்படியே கீழே வைத்தாள்.

பேச்சு பீம்ராவைப் பற்றி. எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் பார்ப்பவர். உள்ளே வரும் லாரிகளின் விவரத்தை வாங்கி ஆபீசுக்கு அனுப்பும் பெட்டி அவர் மேஜையில்தான் இருக்கிறது. பெட்டியைச் செய்து கொடுத்தது கார்குழலி வேலை பார்க்கும் திருவொற்றியூர் கம்பெனி.

டீம் லீடர் ஜெயவேல் வந்து நின்றார்.

"பெட்டியில கோளாறு இருக்கான்னு யார்டுல கேக்குறாங்க. நம்ம சாஃப்ட்வேர்ல குறையில்லன்னு ஒரு வரி மெயில் போட்டுடும்மா. நாலு மணிக்கு அந்தாளை வேலையை விட்டு அனுப்பிடுவாங்களாம்."

"ஒருவாட்டி பாத்துட்டுப் போடறேன் சார்."

"பாக்க என்ன இருக்கு? அதான் கேமராவுல இருக்கே."

மணி மூன்று. பெட்டிக்குள் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் நெட்வொர்க் பகுதியைத் திறந்தாள். போன மாதம் அதில் கை வைத்தவள் அவள்தான். ஆபீசிலிருந்த டெஸ்ட் பெட்டியை ஓடவிட்டு, வேண்டுமென்றே இணைப்பை நடுவில் அறுத்தாள். மறுபடி அறுத்தாள். ஒவ்வொரு முறையும் மெமரி கொஞ்சம் குறைந்தது. குறைந்தது திரும்பி வரவே இல்லை.

இருபது நிமிடத்தில் பிழை இருந்த இடம் தெரிந்துவிட்டது. இணைப்பு அறுந்தால், அதற்காக எடுத்த மெமரியை விடுவித்துவிட்டு வெளியேற வேண்டும். அவள் எழுதியதில் வெளியேறுவது மட்டும் இருந்தது. சிக்னல் விட்டு விட்டு வரும் யார்டில் அரை நாளில் மெமரி தீர்ந்து பெட்டி நின்றுவிடும். அணைத்துப் போட்டால்தான் மறுபடி ஓடும்.

வேலை நிரந்தரமாக இன்னும் ஒன்பது நாள். சத்தமில்லாமல் சரி செய்து, அடுத்த அப்டேட்டோடு அனுப்பிவிடலாம். யாருக்கும் தெரியாது.

மூன்றே முக்காலுக்கு பீம்ராவுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, கார்குழலி பேசறேன். போன மாசம் அப்டேட் போட வந்தேனே. ஒயரை ஏன் கழட்டறீங்க?"

"பெட்டி நின்னு போயிடுதும்மா. லாரிக்காரன் கத்துறான். புடுங்கிப் போட்டா ஓடுது."

"அதை ஆபீஸ்ல சொல்லியிருக்கலாமே?"

ஹாரன் சத்தத்துக்கு நடுவே பீம்ராவ் குரலைத் தாழ்த்தினார்.

"நீ வந்துட்டுப் போன மறுநாள்லேர்ந்துதாம்மா இப்பிடி. சொன்னா உன்னைத்தானே கேப்பாங்க? அன்னிக்கே உங்க சாரு அத்தினி பேர் எதிர்ல கத்துனாரு. நீ அந்தாண்ட போயி கண்ணைத் தொடச்சிக்கினு இருந்தே. சரி, புள்ள என்னிக்காவது சரி பண்ணிடும், அதுவரிக்கும் நம்மளே ஓட்டிக்கலாம்னு வுட்டேன்."

"இன்னிக்கு உங்களை…"

"தெரியும்மா. வுடு, பாத்துக்கலாம்."

கார்குழலி விடுபட்ட வரியைச் சேர்த்தாள். திருத்தத்தோடு இரண்டு விவரம் எழுத வேண்டும் என்பது அங்கே வழக்கம். பிழை யாருடைய மாற்றத்தால் வந்தது, முதலில் கண்டுபிடித்தவர் யார்.

முதலாவதில் தன் பெயரை எழுதினாள். இரண்டாவதில், பீம்ராவ். ஜெயவேலுக்கும் யார்டு மேனேஜருக்கும் சேர்த்து மூன்று ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினாள்.