சமையலறை ஜன்னலில் காற்று

மெழுகுவர்த்திச் சுடர் அசையவே இல்லை. சமையலறை ஜன்னலின் நாலு பக்கமும் அதைக் கொண்டுபோய்க் காட்டிப் பார்த்துவிட்டாள் ஷுக்ரியே.

"காத்து எங்கேடி வருது?"

"வருதும்மா. பாத்திரம் கழுவுறப்ப கழுத்துல சில்லுனு அடிக்குது. அதான் துன்ஜாயை வரச் சொல்லியிருக்கேன்" என்றாள் மகள் நெஸ்ரின்.

"இன்னிக்குன்னு பாத்தா சொல்லுவே?" ஷுக்ரியேவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இன்னும் அரை மணி நேரத்தில் நெஸ்ரினைப் பெண் கேட்டு வருகிறார்கள்.

ஏற்கெனவே இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. எல்லாம் அந்தப் பழைய மர ஜன்னல்களால் வந்த வினை என்பது ஷுக்ரியேவின் தீர்மானம். இடுக்கெல்லாம் துணி அடைத்தும் எங்கள் எர்ஸுரூம் ஊரின் பனிக்குளிர் கூடத்துக்குள் விசிலடித்துக்கொண்டு வந்தது. வந்தவர்கள் கோட்டைக்கூடக் கழற்றாமல் காபியைக் குடித்துவிட்டு ஓட்டம் பிடித்தார்கள்.

மூன்றாவது வரனையும் குளிருக்குப் பறிகொடுக்க அவளுக்கு மனமில்லை. கணவரிடம் சண்டை போட்டு, வீடு முழுக்க இரட்டைக் கண்ணாடி ஜன்னல் மாட்டவைத்தாள்.

மாட்டியவன் துன்ஜாய். வேலை முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது, அதற்குள் ரப்பரைச் சரிசெய்ய நாலு தடவை வந்துவிட்டான். ஒரு தடவைகூட முகம் கோணியதில்லை, தங்கமான பையன்.

"என்ன பெரியம்மா, மறுபடியும் காத்தா?" வாசலில் பனி படிந்த பூட்ஸைக் கழற்றிவிட்டு, கருவிப் பையோடு நுழைந்தான்.

"அப்படித்தான் சொல்றா. கூடத்துக்கு ஆளுங்க வர்றாங்கப்பா. நீ சமையலறையிலேயே சத்தம் காட்டாம வேலையைப் பாரு."

"சரிங்க பெரியம்மா."

பூங்கொத்தும் சாக்லேட்டுமாக வந்து சேர்ந்தார்கள். மருந்துக்கடை வைத்திருக்கும் இல்ஹான், அவன் அப்பா, அம்மா. முதலில் அப்பாவின் கோட்டு இறங்கியது. அடுத்து அம்மாவின் சால்வை. கடைசியில் இல்ஹான் கழுத்து டையையே தளர்த்திவிட்டான்.

"வீடு கதகதன்னு இருக்கே. எழுந்துபோக மனசே வரல" என்றாள் இல்ஹானின் அம்மா. ஷுக்ரியேவின் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

இனி காபிதான் பாக்கி. எங்கள் ஊரில் மாப்பிள்ளையின் கோப்பையில் மட்டும் பெண் உப்பைப் போட்டுவிடுவாள். முகம் சுளிக்காமல் அவன் குடித்து முடித்தால், ஆயுசுக்கும் அவளைப் பொறுத்துப்போவான் என்று அர்த்தம்.

ஷுக்ரியே சமையலறைக்கு ஓடினாள். தட்டில் ஐந்து கோப்பை, மேடையில் தனியாக ஒன்று.

"அது யாருக்குடி?"

"துன்ஜாய்க்கு. வீட்டுல வேலை செய்யறவருக்குக் குடுக்காம இருக்க முடியுமா?"

"அதுவும் சரிதான். மாப்பிள்ளைக்கு உப்பு போட்டியா?"

"போட்டாச்சும்மா. மூணு ஸ்பூன்."

"மூணா? பாவம்டி."

"அவர் தாங்குவாரும்மா."

நெஸ்ரின் எல்லாருக்கும் காபியைக் கொடுத்துவிட்டு, தலை குனிந்தபடி உள்ளே போனாள். இல்ஹான் ஒரு வாய் உறிஞ்சினான். ஷுக்ரியே மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

புருவம்கூடச் சுருங்கவில்லை. மடமடவென்று குடித்து முடித்து, கோப்பையைக் கீழே வைத்தான்.

"பிரமாதமா இருக்குங்க. இன்னொரு கப் கிடைக்குமா?"

உப்புக் காபியை இன்னொரு கப் கேட்கிற மாப்பிள்ளை லட்சத்தில் ஒருவன் அல்லவா? ஷுக்ரியேவுக்குத் தலைகால் புரியவில்லை. மகளைக் கட்டிக்கொள்ள சமையலறைக்குப் பறந்தாள்.

அங்கே நெஸ்ரின் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலடியில் துன்ஜாய், முகமெல்லாம் சிவந்து, கண்ணில் நீர் தளும்ப நின்றுகொண்டிருந்தான். கையிலிருந்த கோப்பையில் ஒரு சொட்டு மிச்சமில்லை.

"கொஞ்சம் தண்ணி குடுங்க, அத்தை."