கட்டார் வெயில்

“இங்க வெயிலு மண்டையப் பொளக்குது வினோ. அங்க மழையா?” என்று போனில் கேட்டான் பிரதாப்.

“மழையும் காத்தும்தான். காலையிலயே கரண்டு போயிருச்சு. குஞ்செல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்குதுங்க.” வினோதா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டாள். அடியில் ஒரு குஞ்சு விறைத்துக் கிடந்தது.

“ஏறிக் கெடந்தா குளிருதுன்னு அர்த்தம். சுடுதண்ணியப் போத்தல்ல ஊத்தி, துணியச் சுத்தி நடுவுல வையி. எல்லாத்தையும் பிரிச்சு விடு. இல்லன்னா அடியில உள்ளது மூச்சு முட்டிச் செத்துரும்.”

வினோதாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. வீட்டில் இருந்தவரை ஒரு கோழிக்கு ஒரு பிடி அரிசி போட்டறியாத மனிதன்.

“இதெல்லாம் உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

“யூடியூப்ல பாத்தேன்.”

“யூடியூப் பாக்க நெட் இருக்கு. எனக்கு மூஞ்சக் காட்டத்தான் நெட் இல்லையா?”

“சூப்பவைசர் கூப்புடுறாரு. அப்புறம் எடுக்கிறேன்” என்றான். போன் நின்றுவிட்டது.

கட்டாரில் வேலையென்று பிரதாப் பெட்டியோடு கொழும்பு பஸ் ஏறி ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. மாதம் தவறாமல் ஏதோ கொஞ்சம் அனுப்பினான். தினமும் வாட்ஸ்அப்பில் பேசினான். நெட் பத்தாதென்று முகத்தை மட்டும் ஒருநாளும் காட்டவில்லை. கோழிக்குஞ்சு வளர்க்கச் சொன்னதும் அவன்தான். “மஸ்கெலியாவுல மஃறூப் நானா கடையிலேயே வாங்கு, அங்கதான் நல்ல குஞ்சு வரும்” என்று கடையைக்கூட அவனே சொல்லியிருந்தான்.

பக்கத்துக் காம்பிரா ராசம்மா வாசலில் வந்து நின்றாள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் அறைக்கு அறை ஒரே சுவர்; பேசுவது எதுவும் மறையாது.

“நான் சொல்றேன்னு கோவிச்சுக்காத. மூஞ்சக் காட்டாத ஆம்பள வேற ஒரு மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கான்னு அர்த்தம். பொகவந்தலாவையில எங்க சின்னம்மா மகளும் இப்படித்தான் போனையே நம்பிக்கிட்டு இருந்தா. அவன் துபாய்ல புள்ளையே பெத்துட்டான்.”

“அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லக்கா.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்” என்று ராசம்மா போய்விட்டாள்.

வினோதாவால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கொழுந்து வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கும் போகவில்லை. தண்ணீர் கொதிக்கவைத்துப் போத்தலில் ஊற்றினாள். குஞ்சுகளைப் பிரித்துவிட்டாள். அவனுக்கு மறுபடியும் போன் போட்டாள். அடித்து அடித்து நின்றது. பெட்டிக்குள் இன்னும் இரண்டு குஞ்சுகள் இறகைத் தொங்கப்போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றன.

அதற்கு மேல் பொறுக்கவில்லை. பெட்டியைத் தன் ஸ்வெட்டரால் போர்த்தி எடுத்துக்கொண்டு மஸ்கெலியா பஸ்ஸில் ஏறினாள். ஒவ்வொரு வளைவிலும் மூடியைத் திறந்து குஞ்சுகளைப் பார்த்தாள். மூடிவிட்டுப் போனைப் பார்த்தாள். அவன் எடுக்கவே இல்லை. யாரோடு இருப்பான் இந்த நேரத்தில்? ‘இல்லக்கா’ என்று ராசம்மாவிடம் சொன்னதை இப்போது தனக்கே சொல்லிக்கொள்ள முடியவில்லை.

மஃறூப் நானா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“குஞ்சு விக்கத்தான் எனக்குத் தெரியும் தங்கச்சி, வைத்தியம் தெரியாது. கொஞ்சம் பொறுங்க. குளியாப்பிட்டிப் பண்ணையிலேருந்துதான் நமக்கு லொறி வருது. அங்க குஞ்சு பாக்க ஒரு தமிழ் ஆளு ஈக்கிறாரு. நல்ல கெட்டிக்காரன். அவருக்கிட்டயே கேப்பம்.”

போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். கொஞ்ச நேரம் மணி அடித்தது.

“சொல்லுங்க முதலாளி.”

அந்தக் குரலைக் கேட்டதும், பெட்டியை மூடப்போன வினோதாவின் கை அப்படியே நின்றது.

“தம்பி, போன லொறியில வந்த குஞ்சு தலையத் தொங்கப் போடுது. வாங்கினவங்க கடையில வந்து நிக்கிறாங்க.”

“எறகும் தொங்குதா? அப்ப சூடு பத்தல முதலாளி. வெதுவெதுப்பா சீனித்தண்ணி குடுக்கச் சொல்லுங்க. அடியில ஈர மரத்தூள் இருந்தா அள்ளிப் போட்டுட்டு காஞ்சத விரிக்கணும்.” மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போன குரல் சற்றுத் தணிந்தது. “பயப்பட வேணாம்னு சொல்லுங்க. மஸ்கெலியாவுக்குன்னு நான் கையாலயே பொறுக்கி ஏத்துன குஞ்சு. குளிரு தாங்கும். பொழைச்சிரும்.”

“அல்லாஹ் காப்பாத்துவான். அது கெடக்கட்டும், நீ இந்தத் தீவாளிக்காவது வீட்டுக்குப் போறியா இல்லையா?”

“எந்த மூஞ்ச வச்சுக்கிட்டுப் போறது முதலாளி? காச வாங்குன ஏஜென்சிக்காரன் கொழும்போட கை விட்டுட்டு ஓடிட்டான்னு அவகிட்ட எப்படிச் சொல்லுவேன்?”

மஃறூப் நானா பெருமூச்சு விட்டார். “வேற ஏதும் கேக்க ஈக்கா தங்கச்சி?” என்று போனை வினோதாவின் பக்கம் தள்ளினார்.

அவள் அதைக் கையில் எடுத்தாள்.

“கட்டார்ல இருந்தது போதுங்க. வீட்டுக்கு வாங்க.”