பச்சைக் கட்டம்

முப்பது வருடத்துச் செயற்கைக்கோள் படங்களை வைத்து, காடு எப்படிக் கட்டடமாக மாறியது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவளுக்கு ஒரே ஒரு பச்சைக் கட்டம் பெரும் தலைவலி. நகரத்தின் நட்டநடுவில், வருடம் தவறாமல், அது காடு என்றே வந்தது. பிழைதான், நேரில் பார்த்துவிட்டு அழித்துவிடலாம் என்று ஒரு மதியம் கிளம்பிப் போனாள்.

அங்கே வண்டி நிறுத்துமிடம்தான் இருந்தது. பேருக்கு ஒரு செடிகூட இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.

"இப்படி நிழலுக்கு வாங்கம்மா," என்று நடுவில் நாற்காலி போட்டிருந்த காவலாளி கூப்பிட்டார்.

போய் நின்றாள். சில்லென்றிருந்தது. அண்ணாந்து பார்த்தால் வெறும் வானம்.

"வரைபடத்துல இந்த எடத்த காடுன்னு காட்டுதுண்ணே. அழிக்கணும்."

அவர் முகம் வாடியது. "இப்பத்தானம்மா பூக்கவே ஆரம்பிச்சிருக்கு."

"அப்ப இருக்கட்டும்ணே," என்றாள். தோளில் விழுந்த மஞ்சள் இதழைத் தட்டிவிட மனம் வராமல், அப்படியே வீட்டுக்குப் போனாள்.