பெரியம்மா

"உன் கையாலே எனக்குத் தண்ணிகூட வேண்டாம். அப்படி வை பாட்டிலை."

மருமகள் பாட்டிலைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு பேர் திரும்பிப் பார்க்கவே, மாமியார் குரலைத் தாழ்த்தினாள்.

"மூணு வயசு வரைக்கும் என் பால் குடிச்ச உடம்புடி அது! காய்ச்சல்னு ஒரு நாள் படுத்ததில்லே. அவனுக்குப் போய் ரத்தப் புற்றுநோய். அதுவும் ஏதோ கிருமியாலேயாம். கட்டினவகிட்டேயிருந்துகூட ஒட்டுமாம், நர்ஸே சொல்றா. பிறந்த வீட்டிலேருந்து நல்ல சீர்தான் கொண்டு வந்திருக்கே!"

"என்னாலேன்னே இருக்கட்டும் அத்தை."

ஒரு மாதமாக இதே பதில்தான். அவமானம் மாமியாரைத்தான் பிடுங்கித் தின்றது. அக்கம்பக்கத்தில் மஞ்சள் காமாலை என்று சொல்லிவைத்திருந்தாள்.

மருமகள் மருந்து வாங்கப் போனதும், மாமியார் முதல் தடவையாக டாக்டரின் அறைக்குள் நுழைந்தாள். டாக்டர் வாயாலேயே கேட்டுவிட்டால் போதும். இன்றைக்கே அவளை அப்பன் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

"உட்காருங்க. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

'அம்மா' என்று சொல்ல நாக்கு கூசியது.

"பெரியம்மா. அவன் அம்மாவோட கூடப்பிறந்த அக்கா."

"நல்லவேளை வந்தீங்க." டாக்டர் நாற்காலியை அருகில் இழுத்துக்கொண்டார். "ரத்தத்திலே வெள்ளை அணுக்கள் இருக்கே, அதெல்லாம் ஒண்ணோடொண்ணு பேசிக்கும். புரதம்தான் அதுங்க பாஷை. நோய் வந்தா ஓர் அணு, 'பெருகு'ன்னு ஒரு புரதத்தை அனுப்பும். இன்னோர் அணு அதை வாங்கிக்கிட்டுப் பெருகும். நோய் போனதும் பேச்சும் நின்னுடும். இந்தக் கிருமி என்ன பண்ணுது தெரியுமா? அணுவுக்குள்ளே புகுந்து, சொல்றதையும் கேட்கறதையும் அந்த ஒரே அணுவைச் செய்ய வைக்குது. தான் போட்ட கூச்சலைத் தானே கேட்டு, அது பெருகிக்கிட்டே போகும். கடைசியிலே புற்றுநோயிலே கொண்டு விட்டுடும்."

"அது கிடக்கட்டும். கிருமியைக் கொடுத்தது யாரு? பெண்டாட்டிதானே?"

"சேச்சே! அந்தப் பொண்ணு ரத்தத்திலே இந்தக் கிருமியே இல்லே. இவருக்குக் கைக்குழந்தையிலேயே வந்திருக்கணும். இத்தனை வருஷமா உள்ளே தூங்கியிருக்கு. அதான் கூடப்பிறந்த நீங்களும் ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிக்கணும்னு சொல்றேன்."

"நான் எதுக்கு?"

டாக்டர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"இது பெரும்பாலும் தாய்ப்பால் வழியா வரும். உங்க அம்மாகிட்டேயிருந்து உங்களுக்கும் வந்திருக்கலாம். ரொம்ப நாள் குடிச்ச பிள்ளைன்னா ஆபத்து இன்னும் அதிகம். ஆனா இதை உங்க தங்கச்சிகிட்டே மட்டும் சொல்லிடாதீங்க. 'எங்க அத்தை தாங்கமாட்டாங்க டாக்டர், பழி என் மேலேயே இருக்கட்டும்'னு அந்தப் பொண்ணு ஒரு மாசமா என்கிட்டே கெஞ்சிக்கிட்டிருக்கு."